ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்கள்

விழுப்புரம், திண்டிவனம், மதுராந்தகம் பக்கத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் வருகிற கிராமத்து மக்களில் பாதிப் பேர் எழும்பூர் வரை போவதில்லை. தாம்பரத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், மகள் வீட்டுக்குக் காய்கறிப் பையோடு போகிறவர், கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வந்தவர் என்று எல்லாருக்கும் தாம்பரம்தான் சென்னையின் வாசல்படி. 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் கடைசி நிறுத்தமும் இந்தத் தாம்பரம்தான்.

அதே நடைமேடையில் இப்போது இன்னொரு கூட்டத்தையும் பார்க்கலாம். இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்கள். முதுகில் பெரிய பை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில், நாலைந்து பேராக ஒட்டிக்கொண்டே நிற்பார்கள். மேற்கு வங்கத்தின் சந்திராகாசி, அசாமின் சில்காட் என்று தொலைதூர ஊர்களிலிருந்து தாம்பரத்துக்கு நேராக ரயில் வருகிறது. இறங்கியவர்களில் ஒரு பகுதி கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறது. இன்னொரு பகுதி பஸ் பிடித்து வயல் வேலைக்கு வருகிறது. டெல்டா மாவட்டங்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நாற்று பறித்து நடவு நடுகிறவர்களில் வங்காளத்து ஆட்களும் பீகார் ஆட்களும் இன்று கணிசமாக இருக்கிறார்கள்.

இங்கிருந்து ஐந்து ஸ்டேஷன் தள்ளி மீனம்பாக்கத்தில் வேறு விதமான பைகளைப் பார்க்கலாம். தாய்லாந்து, வியட்நாம் என்று ஒரு மாதம் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து விமானம் ஏறுகிறார்கள். திரும்பி வந்து படம் காட்டுகிறார்கள், கதை சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தமிழர்கள் நண்பர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து, மூட்டையைச் சுமந்துகொண்டு வெளிநாட்டில் நடந்த மிக நீண்ட பயணம் இது அல்ல. அது 1942-ல் நடந்தது. அதைத் திரும்பிப் பார்த்து எழுதி வைத்த ஒருவர், தம் கடைசிக் காலத்தைக் கழித்ததும் தென்சென்னையில்தான்.

திருவான்மியூரில் முடிந்த பயணம்

வெ. சாமிநாத சர்மா என்ற பெயரை மூத்த வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். திரு.வி.க.வோடு 'தேசபக்தன்', 'நவசக்தி' பத்திரிகைகளில் வேலை பார்த்தவர். உலகத் தலைவர்களின் வரலாறுகளையும், பிளேட்டோ, ரூஸோ போன்றவர்களின் நூல்களையும் பள்ளிப் படிப்போடு நின்றவர்களும் புரிந்துகொள்ளும்படி தமிழில் தந்தவர். 1932-ல் பர்மாவுக்குப் போய், ரங்கூனிலிருந்து 'ஜோதி' என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார். போர் வந்தது. 1942-ல் மனைவி மங்களத்தோடும் உடன் வந்தவர்களோடும் நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார். பின்னாளில் அந்த அனுபவத்தை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்ற நூலாக எழுதினார்.

காட்டிலும் மலையிலும் கூடவே நடந்த மங்களம் 1956-ல் காலமானார். அந்த இழப்பைத் தாங்க முடியாமல் சர்மா எழுதியது 'அவள் பிரிவு' என்ற சிறு நூல். கடைசிக் காலத்தைத் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் கழித்து, 1978-ல் மறைந்தார். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாக பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய இடம் அது.

சர்மாவுக்கு எழுதத் தெரிந்தது. அவரைப் போலவே நடந்த லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் கைநாட்டுக்காரர்கள். அறுவடைக்குப் போனவர்கள், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்கள், துறைமுகக் கூலிகள், சின்னக் கடை வைத்திருந்தவர்கள். அவர்கள் கதை அவரவர் வீட்டுத் திண்ணையோடு நின்றுபோனது.

நெல்லுக்காகப் போனவர்கள்

ஏன் அத்தனை பேர் அங்கே போனார்கள்? ஒரே காரணம் நெல். ஐராவதி ஆற்றின் டெல்டா நம் காவிரி டெல்டாவைவிடப் பல மடங்கு பெரியது. 1852-ல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்த பிறகு, சதுப்புக் காடாகக் கிடந்த நிலத்தை வெட்டித் திருத்தி நெல் வயலாக்கினார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசிக்கு ஐரோப்பாவிலும் சந்தை கிடைத்தது. 1930-களில் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மாதான். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன். அதில் ஏறக்குறைய பாதி இந்தியாவுக்கு வந்தது. நம் பாட்டிமார் 'ரங்கூன் அரிசி' என்று சொன்னது இதைத்தான்.

நிலத்தைத் திருத்த பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டும். அதைச் செட்டிநாட்டு நகரத்தார் கடனாகக் கொடுத்தார்கள். அறுவடைக்கும் ஆலைக்கும் ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். ஒரு மேஸ்திரி தன் ஊர் ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டமாக அழைத்துப் போவார். சில நாள் கப்பல் பயணம். கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. தை முதல் ஆலைகளில் வேலை. மழைக்கு முன்னால் சிலர் ஊர் திரும்புவார்கள், சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். 1931 கணக்கெடுப்பின்போது பர்மாவில் இருந்த இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் சற்று அதிகம். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1930-ல் உலகம் முழுவதும் விலை சரிந்தபோது நெல் விலையும் பாதாளத்துக்குப் போனது. பர்மிய விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமான நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்ல அவர்கள். கொடுத்த கடன் நிலமாகத் திரும்பி வந்தது. ஆனால் தன் வயலிலேயே குத்தகைக்காரனாகிப்போன விவசாயிக்கு அந்த விளக்கம் ஆறுதலாகுமா? கோபம் வளர்ந்தது. 1930-லும் 1938-லும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் கடன் கொடுத்தவர்கள் அல்ல, கூலிக்குப் போனவர்கள்.

குண்டு விழுந்த மார்கழி

1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து மறுபடியும் போட்டன. துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் ஏராளமானோர் செத்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தது பணம் உள்ளவர்களுக்குத்தான். துறைமுக வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காக, தளத்து டிக்கெட்டில் போகும் ஆண் கூலிகளைக் கப்பலேற விடாமல் அரசாங்கம் தடுத்தும் பார்த்தது. 1942 மார்ச் 8-ம் தேதி ரங்கூன் விழுந்தது. அதற்கு முன்பே மக்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, புரோம் என்ற ஊரிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய், அங்கிருந்து சிட்டகாங் போவது. தண்ணீர் கிடைக்காத மலை வழி. காலராவில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இன்னொன்று, மாண்டலே வரை வடக்கே போய், சிந்த்வின் ஆற்றில் படகு பிடித்து மேலேறி, காட்டு வழியாகத் தாமு என்ற எல்லை ஊருக்கு வருவது. அங்கிருந்து மலை ஏறி இறங்கினால் மணிப்பூரின் பலேல், அப்புறம் இம்பால். இம்பாலிலிருந்து ரயில் நிற்கும் திமாப்பூர் இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல்.

கையில் என்ன எடுத்துப் போக முடியும்? அரிசி, உப்பு, மிளகாய், ஒரு பாத்திரம், ஒரு போர்வை. கிளம்பும்போது தூக்கிய டிரங்குப் பெட்டியைப் பலர் பாதி வழியில் போட்டார்கள். பிறகு பாயைப் போட்டார்கள். குழந்தையையும் கிழவரையும் சுமக்க வேண்டியிருந்தது. மே மாதத்தில் மழை பிடித்ததும் பாதை சேறானது. அட்டைக்கடி, மலேரியா, சீதபேதி. மொத்தம் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. வழியில் இறந்தவர்களை யாரும் சரியாக எண்ணவில்லை. பல்லாயிரம் பேர் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

அந்த வழியில் வெள்ளைக்காரர்களுக்கு வசதியான பாதையும் முகாமும், இந்தியர்களுக்குக் கஷ்டமான பாதையும் என்று பாகுபாடு காட்டியதாக அப்போதே பெரிய புகார் எழுந்தது. விசாரிக்க இந்தியத் தலைவர்கள் இம்பால் வரை போனார்கள். உதவி வந்ததும் உண்மை. அசாம் தேயிலைத் தோட்டக்காரர்களின் சங்கம் வழியில் முகாம்களை அமைத்துச் சோறும் தேநீரும் கொடுத்தது. பாதையைச் செப்பனிட்டவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். மலைக் கிராமத்து நாகா மக்கள் மூட்டை தூக்கினார்கள், வழி காட்டினார்கள். முகம் தெரியாதவர்கள் கொடுத்த ஒரு குவளைக் கஞ்சியால் உயிரோடு ஊர் சேர்ந்தவர்கள் ஏராளம்.

இங்கே சென்னையில்

அவர்கள் நடந்துகொண்டிருந்த அதே ஏப்ரல் மாதத்தில் சென்னையும் காலியாகிக்கொண்டிருந்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்த செய்தி வந்ததும், அவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தை விட்டுப் போகலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தெற்கே போகும் ரயில்கள் பிதுங்கின. செங்கல்பட்டு, தாம்பரம் பாதையில் சட்டி பானையோடு குடும்பங்கள் கிராமங்களைத் தேடிப் போயின. குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று பயந்து, அப்போது சென்ட்ரல் பக்கத்தில் இருந்த உயிரியல் பூங்காவின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பூங்காதான் பிற்காலத்தில் தாம்பரத்துக்கு அடுத்த வண்டலூருக்கு இடம் மாறி, 1985-ல் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் இதையும் சொல்லலாம்.

குண்டைவிடப் பெரிய அடி அரிசியில் விழுந்தது. பர்மா அரிசி ஒரே அடியாக நின்றது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். பர்மா அரிசி நின்றது மட்டும் காரணம் இல்லை. புயலும், பதுக்கலும், அரசாங்கத்தின் போர்க்கால முடிவுகளும் சேர்ந்துதான் அந்தப் பஞ்சம். சென்னையில் ரேஷன் வந்தது. அதிக உணவு விளைவிப்போம் என்ற இயக்கம் தொடங்கியது. 1952-ல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுக்கும் வரை அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதுகூடக் குற்றமாக இருந்தது. அரிசிக்கு அடுத்த நாட்டை நம்பியிருக்கக் கூடாது என்ற பாடம் அப்போதுதான் நம் அரசாங்கங்களுக்கு உறைத்தது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அணை, ஆராய்ச்சி நிலையம், புது ரகங்கள் என்று பணம் செலவானதற்குப் பின்னால் அந்தப் பசியின் நினைவும் இருந்தது.

மறுபடியும் ஒரு முறை

போர் முடிந்ததும் பலர் திரும்பவும் பர்மா போனார்கள். 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளும் வியாபாரமும் அரசுடைமையாகின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இந்த முறை கப்பலில் வந்தார்கள், ஆனால் வெறுங்கையோடு வந்தார்கள். சென்னையின் பர்மா பஜாரும், சாலையோரத்தில் விற்கும் அத்தோவும் அவர்கள் கொண்டுவந்தவை. இங்கே பிழைக்க முடியாமல், பிறந்த மண்ணுக்கே போகலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்த சிலரை பர்மா எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயிலும் தமிழ்ச் சங்கமும் அங்கே இன்றும் இருக்கின்றன. 2023-ல் மணிப்பூரில் வெடித்த கலவரம் மோரேயையும் விடவில்லை.

விவசாயிகளுக்கு இந்தக் கதையின் ஒரு துளி இன்னும் வயலில் இருக்கிறது. இயற்கை அங்காடிகளில் நல்ல விலைக்குப் போகும் கருப்புக் கவுனி, நகரத்தார் வழியாகப் பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் செய்தி. கல்யாண வீட்டில் இனிப்பாகச் செய்யும் அந்த அரிசிதான் இது. நீண்ட வயதுடைய ரகம், உயரமாக வளரும், தழைச்சத்து கூடினால் சாய்ந்துவிடும். பயிரிடுகிறவர்கள் இதை அறிவார்கள். அது கடந்து வந்த கடலைத்தான் பலர் அறியமாட்டார்கள்.

நம் வரப்புக்கு வருகிறவர்கள்

இப்போது மறுபடியும் தாம்பரம் நடைமேடைக்கு வருவோம். அன்று நம் ஊர் ஆட்கள் மேஸ்திரி பின்னால் கப்பல் ஏறி அடுத்தவன் வயலில் அறுத்தார்கள். இன்று அடுத்த ஊர் ஆட்கள் ரயிலேறி நம் வயலில் நடுகிறார்கள். பாஷை தெரியாது, கூலிப் பேச்சு நடுவில் நிற்கிற ஒருவர் மூலமாகத்தான். ஊரில் யாராவது முணுமுணுத்தால் அவர்களுக்குப் புரியாது, ஆனால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். 2020 ஊரடங்கின்போது சென்னையைச் சுற்றிய பகுதிகளிலிருந்து பையை முதுகில் மாட்டிக்கொண்டு வடக்கே நடந்தவர்களும் இவர்களேதான். வெயிலில் நடந்த அவர்களுக்குச் சாலையோரக் கிராமத்தார் பலர் சோறும் மோரும் கொடுத்தார்கள். மணிப்பூர் மலையில் நம்மவர்களுக்கு யாரோ கொடுத்த கஞ்சிக்கு அது பதில் மரியாதை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் அவசர காலத்தில் சோறு கொடுப்பது வேறு, தினப்படி நடத்துவது வேறு. நடவுக்கு வந்தவர்களை மோட்டார் கொட்டகையில் படுக்க வைக்கிறோம். அதே கொட்டகை மூலையில் பூச்சிமருந்து பாட்டிலும் களைக்கொல்லி டப்பாவும் இருக்கும். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களால் படிக்க முடியாது. காலி மருந்து கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்க எடுத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து. அவர்கள் வருவதற்கு முன்பே மருந்துகளை வேறு இடத்துக்கு மாற்றிப் பூட்டுவதும், காலி டப்பாக்களை ஓட்டை போட்டு யாரும் எடுக்க முடியாதபடி ஒதுக்குவதும், குடிக்க நல்ல தண்ணீருக்கு ஒரு குடம் தனியாக வைப்பதும் ஒரு மணி நேர வேலை. மருந்து அடித்த வயலில் எத்தனை நாள் இறங்கக் கூடாது என்பதைச் சைகையிலாவது சொல்லிவிட வேண்டும்.

கூலியை முழுவதும் நடுவில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு நம் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிடாமல், நட்டவர்கள் கைக்குப் போனதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பெயர், ஊர், வீட்டுப் போன் நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், யாருக்காவது பாம்பு கடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ சொல்லி அனுப்ப வழி இருக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. தங்கள் ஊர் ரேஷன் கார்டை வைத்து இங்கேயே அரிசி, கோதுமை வாங்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ரேஷன் கடை வரை ஒரு தடவை கூட்டிப் போனால் போதும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் 'எங்க தாத்தா பர்மாவுல இருந்து நடந்தே வந்தவர்' என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தாத்தா போய்விட்டார். அவர் மடியில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளைக்கே இப்போது எழுபது வயது இருக்கும். எந்த ஊரிலிருந்து கிளம்பினார், யார் யாரோடு நடந்தார், வழியில் யாரைப் புதைத்தார், யார் சோறு போட்டார் என்று நாலு பக்கம் எழுதி வையுங்கள். சர்மா எழுதியதால் ஒருவர் நடந்த வழி நமக்குத் தெரிகிறது. மற்றவர்கள் நடந்த வழியை அவரவர் பேரப்பிள்ளைகள்தான் எழுத வேண்டும். எழுதிய தாளை நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தால் பத்திரமாக இருக்கும்.